நான்காவது கோர் நிற்காமையால் புதுமனை விழாவுக்கு வர இயலாமை குறித்து

உ

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
வியாழக்கிழமை, மாலை.

மேன்மை பொருந்திய சம்பந்தி அப்பாசாமி அவர்களின் சமூகத்துக்கு, சகாதேவன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

பொருள்: தங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நாங்கள் நால்வரும் வராமல் போனது பற்றிய விளக்கம்.

இங்கே நான், சரசு, தங்கள் மாப்பிள்ளை வளவன், உங்கள் பெண் வினோதினி ஆகிய நால்வரும் நலம். எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கும் பெட்டிக்குள் உள்ள நான்கு கோர்களும் செவ்வாய்க்கிழமை முதல் பரம சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கச்சி கன்னியம்மாளும் புது வீட்டில் சுகமாகக் குடியேறியிருப்பீர்கள் என்றும், என்மேல் கோபமாக இருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். நம்புவது என்ன, எனக்கே தெரியும். நான் போன் செய்யும்போதெல்லாம் தாங்கள் தூங்குவதாகத் தங்கச்சி சொல்கிறார். காலை பத்து மணிக்கும் தூங்குகிறீர்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரத்திலும் தூங்குகிறீர்கள். அதனால்தான் கடிதம். சம்பந்திக்குப் போய் 'பொருள்' என்று போட்டு எழுதுகிறாரே மனுஷன் என்று சரசு பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆன கை, தானாகப் போட்டுவிடுகிறது. மன்னிக்கவும்.

தாங்கள் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. வீட்டுப் பெண் குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து முதலில் நுழைய வேண்டிய வீடு. அந்த விளக்கையே நாங்கள்தான் வாங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தோம். புதன்கிழமை விடியற்காலை நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, பெண்ணைக் காணோம், மாப்பிள்ளையைக் காணோம், விளக்கையும் காணோம். அதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாங்கள் போன் செய்தபோது நான் பேசியதையும் நினைத்துப் பார்க்கிறேன். "பொட்டி செத்துடுச்சு சம்பந்தி, எல்லாரும் சந்தோஷமா இருக்கோம், வர முடியாது, வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இதைக் கேட்டு எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது? ஆனால் அன்றைக்கு நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அது எப்படி என்பதைத்தான் இனி விவரிக்கப் போகிறேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

வினோதினி என்ன வேலை செய்கிறாள் என்று கல்யாணத்தின்போது தாங்கள் கேட்டதற்கு, 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி முடித்துவிட்டோம். அது சாதாரணக் கம்ப்யூட்டர் வேலை இல்லை சம்பந்தி. கிரிவலப் பாதையில் குடிதண்ணீர் எங்கே, பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம், காணாமல் போன பிள்ளை எந்தப் பந்தலில் இருக்கிறது என்றெல்லாம் காட்டுகிற பெரிய திரைகளை அவள் வேலை பார்க்கும் பெங்களூர்க் கம்பெனி சோதனைக்காக வைத்திருக்கிறது. தூரத்திலிருந்தே ஜனங்கள் கண்ணில் படட்டும் என்று திரையின் உச்சியில் ஓர் அகல் விளக்கின் படம், அசல் சுடர்போலவே ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திரைக்கும் பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நம் செல்போனில் இருக்கிற ஜாதியைச் சேர்ந்த ஒரு சிப்பு, ஆர்ம் என்பார்கள். அதற்குள் நான்கு மூளைகள். அந்த மூளைக்குத்தான் கோர் என்று பெயர். நான்கு பேரையும் கட்டி மேய்க்கிற மேலதிகாரி லினக்ஸ் கெர்னல். வினோதினி அந்தக் கெர்னலுக்கே வைத்தியம் பார்க்கிறவள். தங்கள் பெண்ணின் பெருமை தங்களுக்கே தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காக இவ்வளவும் எழுதினேன்.

இந்தப் பெட்டிகளை அவ்வப்போது பெங்களூரிலிருந்தபடியே ரீபூட் செய்வார்கள். அதாவது ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுப்புவது. அந்தப் பாதையில் அடி அண்ணாமலையில், பரசுராமன் என்பவனின் டீக்கடை எதிரே கம்பத்தில் இருக்கும் பெட்டி மட்டும் சில நாள் எழுந்திருக்கும், சில நாள் நடுவில் அப்படியே நின்றுவிடும். நின்றுவிட்டால் பெங்களூரிலிருந்து என்ன தட்டினாலும் பதில் வராது. யாராவது ஏணி வைத்து ஏறி, பிளக்கைப் பிடுங்கி மாட்ட வேண்டும். அப்படிப் பிடுங்கி மாட்டப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதால்தான் வினோதினி கல்யாணத்துக்கு அப்புறம் இங்கே இருந்தபடியே வேலை பார்க்கக் கம்பெனி சம்மதித்தது. ஏறுகிற ஆள் யார் என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டுப் பெயிண்டரிடம் ஏணியை இரவல் வாங்கி, மொபெட்டில் குறுக்கே கட்டிக்கொண்டு, செங்கம் ரோடு வழியாக நானே போவேன். ரமணாசிரமம் பக்கம் காபி குடிக்கிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் குனிந்து வழி விடுவார்கள். பிளக்கைப் பிடுங்கியதும் உடனே மாட்டக் கூடாதாம், உள்ளே இருக்கிற மின்சாரம் வடிய வேண்டுமாம். அதுவரைக்கும் ஏணி உச்சியில், தலை சுற்றாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தால் கீழே ஒரு வெள்ளைக்காரம்மா சம்மணம் போட்டு, கண்ணை மூடி, என்னைப் பார்த்த திசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இறங்கியதும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பரசுராமன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வினோதினியின் மேலதிகாரி பிரசாத் என்பவர் பெங்களூரில் இருக்கிறார், நல்ல மனுஷர், ஆனால் எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார். குரங்கு பிளக்கைப் பிடுங்கியிருக்கும் என்பது அவர் கட்சி. பிளக்கைப் பிடுங்கி நின்றால் பெட்டி தன் குறிப்பில் ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கும், உள்ளே எங்கேயோ சிக்கித் தானாக நின்றால் வேறு மாதிரி இருக்கும், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், இது குரங்கு இல்லை என்பது வினோதினியின் கட்சி. டீக்கடை ஃபிரிட்ஜ் கரண்டை இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, பரசுராமனைக் கெஞ்சி ஃபிரிட்ஜை அணைக்க வைத்தோம். பால் திரிந்ததுதான் மிச்சம், பெட்டி வழக்கம்போல நின்றது. வெயில் ஜாஸ்தி என்று பெட்டிக்குக் குடை கட்டினோம். கண்ணேறு என்று சரசு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். எலுமிச்சம்பழத்தைக் குரங்கு எடுத்துக்கொண்டு போயிற்று. அன்றைக்குப் பிரசாத்திடம் குரங்குகள் இருப்பது உண்மைதான் என்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அதே பெட்டிக்கு இரட்டைப் பிறவியாக ஒரு பெட்டி எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கிறது. அதே சிப்பு, அதே கெர்னல், அதே ஆடும் விளக்கு. அதை எத்தனை தடவை ரீபூட் செய்தாலும் சமர்த்தாக எழுந்து உட்காரும். ரீபூட் செய்கிற பொறுப்பை வினோதினி என்னிடம் விட்டிருந்தாள். காலையில் பேப்பர் படித்துவிட்டு உட்கார்ந்தேன் என்றால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அதே வேலைதான். ஒருதடவை, ஒரே ஒருதடவை வீட்டில் நின்றுவிட்டால் போதும் மாமா, எந்தக் கோர் எந்த இடத்தில் நிற்கிறது என்று உள்ளே பார்த்துவிடுவேன் என்பாள். நானும் நில்லு, நில்லு என்று வேண்டிக்கொண்டே தட்டுவேன். பெட்டி நிற்கவே நிற்காது. எங்கள் வீட்டு ராசி அப்படி என்று நான் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

போன வாரம் பிரசாத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பௌர்ணமிக்கு ஜனங்கள் வந்து குவியும்போது திரை நின்று போனால் கம்பெனி மானம் கப்பலேறிவிடும், வீட்டில் நிற்காத பெட்டியை வீட்டில் வைத்துச் சரி செய்ய முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வினோதினி பெட்டியோடு பெங்களூர் ஆபீஸுக்கே வந்துவிட வேண்டும், திரும்புவது பற்றி அப்புறம் பேசலாம் என்றார். வளவனுக்குத் தண்டராம்பட்டுப் பக்கம் வாத்தியார் வேலை, அதை விட்டுவிட்டு அவனால் போக முடியாது. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, ஆளுக்கொரு ஊரா என்று சரசு சமையல்கட்டில் மூக்கைச் சிந்தினாள். நான் வெளியே சொல்லவில்லை. தங்களிடம் சொல்வதில் வெட்கம் என்ன சம்பந்தி, அன்றைக்குப் பேப்பரை ஒரே பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் பிள்ளை இல்லாத வீடு எங்கள் வீடு. அவள் வந்த பிறகுதான் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. அவளை அனுப்பிவிட்டு நானும் சரசுவும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது. தங்கள் வீட்டுக்குக் கிளம்ப ஆட்டோ வாசலில் நிற்கிறது. பைகளையும் குத்துவிளக்கையும் நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போவதற்கு முன்னால் வீட்டுப் பெட்டியை ஒரு தடவை ரீபூட் செய்துவிட்டுப் போகலாம் என்று வினோதினி சொல்லியிருக்கிறாள். நான் வெளியே இருந்ததால் வளவன் போய்த் தட்டியிருக்கிறான். தட்டிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டே, பெட்டி எழுந்திருக்கவில்லை, நின்றுவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னான். அவ்வளவுதான். வினோதினி தோளில் இருந்த பையை அப்படியே கீழே போட்டாள், ஓடி வந்தாள், பார்த்தாள், சரசுவைக் கட்டிப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். சரசுவின் எடை தங்களுக்குத் தெரியும். நான் வாசலில் இருந்து ஓடி வந்து விஷயத்தைக் கேட்டுக் குதித்த குதியில் ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார். பெட்டி செத்துவிட்டது என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பைகளை அவராகவே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நிமிஷத்தில்தான் தங்கள் போன் வந்தது.

உடனே கிளம்பி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது சம்பந்தி. நின்றுபோன பெட்டி நின்றபடியே இருந்தால்தான் நாடி பார்க்க முடியும். கரண்ட் ஒரு நொடி போனாலும் உள்ளே இருக்கிற சாட்சியம் எல்லாம் அழிந்துவிடும். வினோதினி அதன் வயிற்றில் மெல்லிய வயர்களைச் சொருகி, உள்ளே பார்க்கிற கருவியைப் பூட்டினாள். யாரும் மேசையைத் தொடக் கூடாது, பக்கத்தில் தும்மக்கூடக் கூடாது என்று உத்தரவு. இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வீடு மொத்தமும் இன்வெர்ட்டரில் நிற்கிறது. நான் ஓடி ஓடி ஃபேன்களை அணைத்தேன், ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், சரசு மிக்ஸியில் கை வைக்கப் போனதைப் பாய்ந்து தடுத்தேன். ஊர் வெயிலில் நாங்கள் நால்வரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு அந்தப் பெட்டியைச் சுற்றி விசிறிக்கொண்டு நின்றோம். விசிறியது எங்களுக்கு அல்ல, பெட்டிக்கு.

அப்போதுதான் வினோதினி ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை நாளாக நிற்காத பெட்டி இன்றைக்கு ஏன் நின்றது, வளவன் என்ன புதிதாகச் செய்தான் என்று. வளவன் ஒன்றும் செய்யவில்லை, ரீபூட் என்று தட்டினேன் என்றான்.

"வெளக்க குளிர வெச்சியா?" என்று நான் கேட்டேன்.

"எந்த வெளக்க?" என்றான் அவன்.

வினோதினி கருவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். இங்கேதான் தங்களுக்கு ஒரு விஷயம் விளக்க வேண்டும். திரையில் எரிவது படம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் விளக்கு விளக்குத்தானே. எரிகிற விளக்கைப் பொட்டென்று அணைப்பது எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. வாயால் ஊத மாட்டோம், பூவால் தொட்டுக் குளிர வைப்போம். தங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் ரீபூட் வேலையை ஏற்றுக்கொண்ட முதல் நாளே, விளக்கு எரியும்போது பெட்டியை நிறுத்த மாட்டேன், அதுவும் செவ்வாய், வெள்ளியில் சத்தியமாக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமனார் மனசு கோணக் கூடாது என்று வினோதினி எனக்காகவே ஒரு பொத்தானை ஏற்பாடு செய்து கொடுத்தாள். அதைத் தொட்டால் சுடர் மெல்ல மெல்லச் சிறுத்து, தானாக அடங்கும். அடங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் ரீபூட். ஒரு நாள் தவறியதில்லை. இப்படி ஏற்பாடு செய்து கொடுத்ததை அவளே மறந்துவிட்டாள், எனக்கு அது பல் விளக்குவதுபோல ஆகிவிட்டதால் நானும் சொல்லவில்லை. அடி அண்ணாமலைப் பெட்டிக்கோ விளக்கைக் குளிர வைக்க யாரும் கிடையாது, பெங்களூர்க்காரர்கள் எரிய எரிய நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் வினோதினி திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாமா, ஊரெல்லாம் தேடுன பிழைய நீங்க ஒருத்தரே இத்தன நாளா வீட்டுல வராம காப்பாத்தி வெச்சிருக்கீங்க" என்றாள். எனக்கு அது பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கருவி வழியாகப் பார்த்துப் பார்த்து, முழு விவரத்தையும் கண்டுபிடித்தாள். எனக்குப் புரிந்த மாதிரி தங்களுக்கும் சொல்கிறேன், ஆபீஸ் உதாரணத்தில். சாயங்காலம் ஆபீஸை மூடுகிற நேரம். நான்கு பேர் வேலை செய்கிற ஆபீஸ். முதல் ஆள் தலைமை. அவர்தான், 'எல்லாரும் வேலையை நிறுத்துங்க, கதவைப் பூட்டப் போறேன்' என்று குரல் கொடுப்பார். இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் பேனாவை மூடி வைத்துவிட்டு நிற்கிறார்கள். நான்காம் ஆளுக்கு விளக்குச் சுடரை வரைகிற வேலை. அவன் ரெக்கார்டு ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, திரைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, 'வரைஞ்சாச்சு' என்று திரையிலிருந்து பதில் வருவதற்காகக் காத்திருக்கிறான். பதில் வருகிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது, அவன் வேலை முறையே அப்படி. ஆனால் மூடுகிற அவசரத்தில் திரையின் கரண்டை ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். திரை வீட்டுக்குப் போயாயிற்று, பதில் எங்கிருந்து வரும்? அவன் திரைக்காகக் காத்திருக்கிறான், தலைமை அவனுக்காகக் காத்திருக்கிறார், ஆபீஸ் பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. சுடர் ஆடாமல் இருக்கிற இடைவெளியில் ரீபூட் வந்தால் தப்பிக்கும், ஆடும்போது வந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சில நாள் நின்றது, சில நாள் நிற்கவில்லை. என் சர்வீஸில் இப்படி எத்தனை ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. இதை வினோதினியிடம் சொன்னபோது, கெர்னலும் கிட்டத்தட்ட கவர்ன்மெண்ட் ஆபீஸ்தான் மாமா என்றாள்.

அவள் செய்த வைத்தியம் என்னவென்று கேட்டால் தங்களுக்கு மெய்சிலிர்க்கும். திரையின் கரண்டை நிறுத்துவதற்கு முன்னால், சுடர் வேலையை முடித்துக்கொள் என்று நான்காம் ஆளுக்கு முதலில் சொல்லி, அவன் முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கிற வரைக்கும் பொறுத்து, அதற்கப்புறம்தான் திரையையும் நிறுத்தி, எல்லாரையும் நிறுத்த வேண்டும் என்று கெர்னலிலேயே எழுதிவிட்டாள். அதாவது சம்பந்தி, முதலில் விளக்கைக் குளிர வைத்துவிட்டு அப்புறம் கடையை மூடு. இனிமேல் எல்லாப் பெட்டியும் தானாகவே அப்படித்தான் செய்யும். இந்தத் துறையில் ஒரு மாற்றம் எழுதினால், பிழையைச் சொன்னவர் பெயரையும் சோதித்துப் பார்த்தவர் பெயரையும் அதன் அடியில் போடுவது வழக்கமாம். சோதித்தவர் என்ற இடத்தில் சகாதேவன், வேங்கிக்கால் என்று போட்டிருக்கிறாள். சர்வீஸ் முழுக்க ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்காதவன் நான். அதைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

புதிய கெர்னலைப் போட்டு, விளக்கு எரிய எரிய நானே ரீபூட் தட்டினேன். தட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுடர் தானாகச் சிறுத்தது, அடங்கியது, திரை இருண்டது, மறுபடியும் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோரும் வந்துவிட்டன என்று வரிசையாக எழுத்து ஓடியது. சரசு குலவை போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து யாருக்கு நிச்சயம் என்று கேட்டு வந்தார்கள். மறுபடி தட்டினேன், மறுபடி எழுந்தது. அடி அண்ணாமலைக்கும் அனுப்பினோம், பரசுராமன் போனில், ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் கடையில் இருக்கிறவர்களைக் கை தட்ட வைத்தான். இந்த ஆரவாரம் அடங்கி நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தபோது தங்கள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. தங்கள் வீட்டுக்கு விளக்கேந்த வேண்டியவள் ஒரு விளக்கைக் குளிர வைக்கப் போய், வர முடியாமல் போயிற்று. இதற்குமேல் என்ன சமாதானம் சொல்ல?

பிரசாத் புதன்கிழமை காலையே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். பெங்களூருக்கு வர வேண்டிய அவசியம் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். வினோதினி இங்கேயே இருப்பாள். இனி அந்தப் பெட்டி நிற்காது, நிற்கவே நிற்காது, நான் எழுதித் தருகிறேன். ஏணிக்கும் வேலை இல்லை, அதை நாளைக்குப் பெயிண்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் குத்துவிளக்கோடு தங்கள் புது வீட்டுக்கு வருகிறோம். பால் மறுபடியும் பொங்கட்டும், பெண் விளக்கேந்தி நுழையட்டும், தாங்கள் அப்போது தூங்காமல் இருந்தால் போதும்.

தங்கச்சி கன்னியம்மாளுக்கு எங்கள் வணக்கம். வீட்டில் சின்னவர்களுக்கு ஆசி. தங்கள் புது வீட்டில் நெல்லும் பிள்ளைகளின் சத்தமும் குறையாமல் இருக்க அண்ணாமலையார் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்குக் கட்டுப்பட்ட சம்பந்தி,
சகாதேவன்.

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): கவரை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. நேற்றுப் பிரசாத் மறுபடியும் பேசினார். அந்தப் பெட்டி இப்போது இவ்வளவு ஒழுங்காக எழுந்திருக்கிறதே, பிளக் பிடுங்க ஆள் தேவையில்லையே, அப்படியானால் திருவண்ணாமலையில் யாரும் இருக்க வேண்டிய அவசியமே இல்லையே, எல்லாவற்றையும் பெங்களூரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே, வினோதினி ஒன்றாம் தேதி அங்கே வந்து பெரிய பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும் என்றார். பிழை சரியாகாவிட்டாலும் பெங்களூர், சரியானாலும் பெங்களூர். ராத்திரி எங்கள் வீட்டில் நால்வரும் சாப்பிட்டதாகப் பேர்.

இன்று விடிந்ததும் அடி அண்ணாமலைப் பெட்டி நின்றுவிட்டது. பரசுராமன் தானே பெங்களூருக்குப் போன் செய்து, குரங்கு பிளக்கைப் பிடுங்கிவிட்டதாகவும், தன் கண்ணால் பார்த்ததாகவும், குரங்கு கொஞ்சம் வயசானது என்றும் சொல்லியிருக்கிறான். கடைசியில் சொன்னது தேவையில்லாதது. வினோதினி பெட்டியின் குறிப்பைப் பார்த்தாள். என் மொபெட்டில் அப்படியே கிடந்த ஏணிக் கயிற்றைப் பார்த்தாள். நேரே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். குரங்குத் தொல்லை இருக்கும் வரைக்கும் பக்கத்தில் ஓர் ஆள் அவசியம் இருக்க வேண்டும், அந்த ஆளாகத் தானே இருப்பதாகப் பிரசாத்துக்கு எழுதிவிட்டாள். அவரும், குரங்கு என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆகவே மேலே, பெட்டி இனி நிற்காது என்று நான் எழுதித் தந்ததை அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றதையும் அடித்துவிடவும். இந்தச் சமயத்தில் நாங்கள் ஊரில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. தாங்களும் தங்கச்சியும் இங்கே வாருங்கள், பெண்ணைப் பார்த்துவிட்டு விளக்கைத் தாங்களே எடுத்துக்கொண்டு போகலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வினோதினி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏணிய பெயிண்டர் கிட்ட குடுத்துட்டீங்களா மாமா?"

இல்லையம்மா, இன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.